நடுவர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்? தொழில் தகராறுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

1948 நவம்பர் 1, சூரிய கிரகணம். பெரம்பூர் கர்னாடிக் மில் தொழிலாளர்கள் முற்பகலுக்கு மட்டும் விடுமுறை கேட்டார்கள். நிர்வாகம் முடியாது என்றது. மாலை 4 மணிவாக்கில் கார்டிங், ஸ்பின்னிங் பிரிவுகளில் இரவு ஷிப்ட் ஆட்கள் 859 பேர் வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். இரவு 10 மணிக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. அடுத்தடுத்த நாளில் நோட்டீஸ் வந்தது: நடந்தது சட்டவிரோத வேலைநிறுத்தம், இதனால் பணித்தொடர்ச்சி (இடைவெளி இல்லாத சர்வீஸ்) அறுந்துவிட்டது, கலந்துகொண்டவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய வருடாந்திர விடுப்பு கிடையாது.

சில மணி நேரம் வேலை நின்றதற்கு ஒரு வருடத்து விடுப்பு போனது. தகராறு நடுவரிடம் போயிற்று. அவர் முதலில் நடந்தது வேலைநிறுத்தம்தானா என்று பார்த்தார். ஆம். சட்டவிரோதமா? அதற்கும் ஆம். பணித்தொடர்ச்சி அறுந்ததா? அதுவும் ஆம். இதுவரை எல்லாம் நிர்வாகத்தின் பக்கம். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. செய்த தப்புக்கு முழு விடுப்பையும் பறிப்பது கடுமையான தண்டனை என்று சொல்லி, அதைப் பாதியாகக் குறைத்தார். நிர்வாகம் கொடுத்த தண்டனையை எடைபோடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று எடுத்துக்கொண்டுதான் அப்படிச் செய்தார். பிறகு அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. வேலைநிறுத்தம் சட்டவிரோதம்தான் என்பது அங்கேயும் உறுதியானது.

தொழில் தகராறில் தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கிரகணக் கதையில்தான் ஆரம்பிப்பேன். நடந்தது என்ன, அதற்குச் சட்டத்தில் என்ன பெயர், அதற்குக் கொடுத்த தண்டனை தகுமா என்று மூன்று படிகள் அதில் தெளிவாகத் தெரிகின்றன. வடசென்னையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் படியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சமரச அதிகாரி வேறு, நடுவர் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து, "அதிகாரி எனக்குச் சாதகமா தீர்ப்பு சொல்லலை" என்று வருத்தப்படுகிறவர்கள் பலர். அங்கே நம்மை உட்கார வைத்துப் பேசுகிறவர் சமரச அதிகாரி. இரண்டு தரப்பையும் பேச வைத்து ஒப்பந்தத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது. அவர் முன்னிலையில் உடன்பாடு வந்தால், பஸ் தொழிலாளர் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த "பன்னெண்டு மூணு ஒப்பந்தம்" பிறக்கும். பழைய தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவிலிருந்து வந்த பெயர் அது. உடன்பாடு வராவிட்டால் சமரசம் முறிந்தது என்று அறிக்கை எழுதுவார், அவ்வளவுதான்.

தீர்ப்புச் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒருவர், அரசு அமைத்த தொழில் தீர்ப்பாயத்தில் (பழைய சட்டத்தின் கீழ் தொழிலாளர் நீதிமன்றத்திலும்) இருப்பவர். இன்னொருவர், இரு தரப்பும் சேர்ந்து "இவர் சொல்வதை ஏற்கிறோம்" என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி நடுவர். பழைய சட்டத்தில் 1956இல் சேர்த்த 10ஏ பிரிவு இந்த இரண்டாவது வழியைத் திறந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இந்த வழியை வைத்திருக்கிறது. வியாபார ஒப்பந்தத் தகராறுகளுக்கான நடுவர் சட்டம் இதற்குப் பொருந்தாது, இது தனி ஏற்பாடு. நம் ஊரில் இந்த வழிக்குப் போகிறவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் நம்பும் ஒரு மனிதரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆனால் முடிவெடுக்கும் முறையில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் இருவரையும் நடுவர் என்றே சொல்கிறேன்.

நடுவர் என்றால் பாதிக்குப் பாதி பிரித்துக் கொடுப்பவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிர்வாகம் பத்து என்றால், சங்கம் இருபது என்றால், பதினைந்தில் முடிப்பார் என்று கணக்குப் போடுகிறார்கள். 1918இல் அகமதாபாத் மில் போராட்டத்தில் காந்தி தலைமையில் தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். தகராறு ஆனந்தசங்கர் துருவா என்ற பேராசிரியரிடம் போனது. அவர் தீர்ப்புச் சொல்லும்வரை இடைக்கால ஏற்பாடாக இருபத்தேழரை, அதாவது சரிபாதி. ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர் கொடுத்தது முழு 35 சதவீதம். சரிபாதி என்பது சண்டையை ஆறப்போடப் பேசிக்கொண்டது. கணக்கையும் காரணத்தையும் பார்த்த நடுவர் வேறு எண்ணுக்கு வந்தார். அதே 1918 ஏப்ரலில்தான் இங்கே பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சேர்ந்து பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

பிரிக்காத கவர்

நடுவர் முன்னால் வரும் வழக்குகளில் சாதாரணத் தொழிலாளியை நேரடியாகத் தொடுவது வேலைநீக்கம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சில வருடங்களுக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பிரஸ் ஆபரேட்டர், 14 வருட சர்வீஸ். சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு. மிஷினில் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன், பேச்சு வளர்ந்து நானும் தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். கடைசியாக ஒரு பழுப்புக் கவர். ரிஜிஸ்டர் தபால். நாலாக மடித்திருந்தது, ஓரம்கூடக் கிழியவில்லை.

"இது என்னண்ணே?"

"சார்ஜ் மெமோ தம்பி. பிரிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு சொன்னாங்க. அதான் அப்படியே வச்சிருக்கேன்."

சார்ஜ் மெமோ என்றால் குற்றச்சாட்டுக் கடிதம். அந்தக் கவருக்குள்ளேதான் உள்விசாரணை நடக்கும் தேதியும் இருந்தது. அவர் போகவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமானதாக முடிவெழுதி, வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இங்கே நடுவர் முதலில் கேட்கும் கேள்வி, இவர் தப்புச் செய்தாரா என்பது அல்ல. கம்பெனி நடத்திய உள்விசாரணை நியாயமாக நடந்ததா என்பதுதான். குற்றச்சாட்டு என்னவென்று தெளிவாகச் சொன்னார்களா, பதில் சொல்ல அவகாசம் கொடுத்தார்களா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா, கேட்ட ஆவணத்தைக் காட்டினார்களா, புகார் கொடுத்தவரே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தாரா என்றெல்லாம் பார்ப்பார். இதில் பெரிய ஓட்டை இருந்தால் அந்த விசாரணை செல்லாது. ஆனால் விசாரணை செல்லாது என்றாலே வேலை திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகம் கேட்டால், அதே குற்றச்சாட்டை நடுவர் முன்னாலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்க வாய்ப்புக் கொடுப்பார்கள்.

நம் அம்பத்தூர் அண்ணன் விஷயத்தில் நோட்டீஸ் முறையாக வந்திருந்தது, தபால் ஒப்புகை அட்டையில் அவர் மனைவியின் கையெழுத்தும் இருந்தது. விசாரணையில் குறை சொல்ல வழியே இல்லை. வாய்ப்பைக் கொடுத்தார்கள், நீங்கள்தான் போகவில்லை என்று ஆகிவிட்டது. மிஷின் தடுப்பைக் கழற்றச் சொன்ன விஷயம், அவருக்கு இருந்த ஒரே நல்ல பதில், விசாரணைப் பதிவில் ஒரு வரியாகக்கூட இல்லை. மெமோவை வாங்குவதும் பிரிப்பதும் குற்றத்தை ஒத்துக்கொள்வது ஆகாது. வாங்கிக்கொண்டேன், இந்தத் தேதியில் பெற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். குற்றத்தை மறுத்து அவகாசத்துக்குள் பதிலும் எழுத வேண்டும்.

இரண்டாவது கேள்வி, குற்றம் நிரூபணமாகியிருக்கிறதா என்பது. கிரிமினல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்தால் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளும் கிடையாது. ஹரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர் காசு வாங்கிக்கொண்டு 11 பேருக்கு டிக்கெட் கொடுக்கவில்லை என்று செக்கிங் இன்ஸ்பெக்டர் பிடித்தார். பயணிகள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, சாட்சி சொல்லவும் வரவில்லை. ஆனாலும் பரிசோதகரின் சாட்சியே போதும் என்று 1977இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நியாயமான மனிதர் ஒருவர் நம்பக்கூடிய அளவுக்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் போதும். ஆதாரமே இல்லாமல் வெறும் ஊகத்தில் எழுதிய முடிவு நிற்காது. போலீஸ் கேஸில் விடுதலையாகிவிட்டேன், ஆனாலும் வேலை போய்விட்டதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு இடத்திலும் அளவுகோல் வேறு.

தண்டனையை எடைபோடுவது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான இடம் இது.

கிரகணக் கேஸில் நடுவர் தனக்கு உண்டு என்று எடுத்துக்கொண்ட அதிகாரம் நீண்ட காலம் உறுதியாக இல்லை. 1958இல் இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு எல்லை போட்டது. நிர்வாகத்துக்கு நல்லெண்ணம் இல்லாதபோது, பழிவாங்கலாகவோ நேர்மையற்ற தொழில் நடவடிக்கையாகவோ இருக்கும்போது, இயற்கை நீதி (ஒருவர் பக்கத்தைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது போன்ற அடிப்படை நியாயம்) மீறப்பட்டபோது, ஆதாரத்துக்கே பொருந்தாத முடிவு எடுத்தபோது மட்டும்தான் தீர்ப்பாயம் தலையிடலாம். மற்றபடி தண்டனை கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. அதாவது, விசாரணை முறையாக நடந்து குற்றமும் நிரூபணமாகிவிட்டால், சின்னத் தப்புக்கு வேலை போனாலும் நடுவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

1971இல் பாராளுமன்றம் தொழில் தகராறு சட்டத்தில் 11ஏ பிரிவைச் சேர்த்து அந்தக் கட்டை அவிழ்த்தது. வேலைநீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால் தீர்ப்பாயம் அதை ரத்து செய்து வேலையில் திரும்ப அமர்த்தலாம், குறைந்த தண்டனையும் கொடுக்கலாம். அந்தப் பிரிவில் தொழிலாளர் நீதிமன்றம், தீர்ப்பாயம் என்ற பெயர்கள்தான் இருந்தன, தனி நடுவரின் பெயர் இல்லை. 1979இல் குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, தனி நடுவருக்கும் அந்த அதிகாரம் உண்டு என்றது. பெரம்பூர் நடுவர் செய்த காரியம் இப்படித்தான் சட்டத்தில் ஏறியது. புதிய தொகுப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவிலும் தீர்ப்பாயத்துக்கு இதே அதிகாரம் இருக்கிறது.

எடைபோடும்போது தராசில் என்னென்ன ஏறும்? நடந்த தப்பின் தன்மை, எத்தனை வருட சர்வீஸ், அதற்கு முன்னால் தண்டனை உண்டா, எதிர்த்தரப்பு தூண்டியதா, அதே தப்புச் செய்த மற்றவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதெல்லாம். மேலதிகாரியிடம் மிரட்டலாகப் பேசிய ஒருவரின் வேலைநீக்கத்தை 1982இல் ரமாகாந்த் மிஸ்ரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்து, இரண்டு இன்கிரிமென்டை நிறுத்தினால் போதும் என்றது. 2005இல் மகிந்திரா அண்டு மகிந்திரா வழக்கில் அதே கோர்ட், சூப்பர்வைசரைக் கெட்ட வார்த்தையில் திட்டியவரின் வேலைநீக்கம் சரிதான் என்றது. இரண்டுமே வாய்த்தகராறுதான். பின்னதில் அந்த வார்த்தைகள் ஒரு முறைக்கு மேல் வந்தன, மேலதிகாரி தூண்டியதாகவும் இல்லை. தூக்கம் விஷயமும் இப்படித்தான். அதே 2005இல் பாரத் ஃபோர்ஜ் வழக்கில், பகல் 11.40 மணிக்கு இரும்புத் தகட்டின் மேல் படுத்துத் தூங்கியவரின் வேலைநீக்கத்தைச் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. ஒரு தூக்கத்துக்கா வேலை போயிற்று என்று நமக்குத் தோன்றும். அதற்கு முன்னால் மூன்று முறை தப்புச் செய்து சின்னத் தண்டனையோடு தப்பித்தவர் அவர்.

இதனால்தான் பழைய மெமோக்களை அலட்சியப்படுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். லேட்டாக வந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தால், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அது தராசின் மறுதட்டில் ஏறும்.

அம்பத்தூர் அண்ணனுக்குக் கடைசியில் கைகொடுத்ததும் இந்த மூன்றாவது கேள்விதான். விசாரணை செல்லும், குற்றம் நிரூபணம் என்று இரண்டு படியிலும் தோற்றார். ஆனால் 14 வருடத்தில் ஒரு மெமோகூட இல்லை. ஒரே ஒரு வாய்த்தகராறுக்கு வேலைநீக்கம் அதிகம் என்று தீர்ப்பு வந்தது. வேலை கிடைத்தது, பணித்தொடர்ச்சியும் கிடைத்தது. இடைக்காலச் சம்பளம், அதாவது வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், கிடைக்கவில்லை; அவர் விசாரணைக்கே போகாததை நடுவர் தீர்ப்பில் எழுதியிருந்தார். அந்த ஒரு கவருக்கு அவர் கொடுத்த விலை மூன்று வருடச் சம்பளத்துக்கு மேல்.

இடைக்காலச் சம்பளம் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வேலைநீக்கமே தப்பு என்று ஆகிவிட்டால் முழுச் சம்பளத்தோடு திரும்ப எடுப்பதுதான் சாதாரண விதி என்று 2013இல் தீபாலி சுர்வசே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் வேறு நல்ல வேலையில் இல்லை என்பதைத் தொழிலாளி மனுவிலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், இல்லை அவர் சம்பாதித்தார் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்குப் போய்விடும். இந்த ஒரு வரியை மனுவில் விட்டுவிட்டுப் பல பேர் பல லட்சம் இழந்திருக்கிறார்கள்.

நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்?

கான்ட்ராக்ட், டெம்பரரி ஆட்களுக்கு முதல் சண்டையே இதுதான். 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யக் கூடாது. சம்பளத்தோடு விட்ட ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறைகளும் அந்த 240இல் சேரும். ஆனால் 240 நாளை நிரூபிக்க வேண்டியது தொழிலாளி. நான் வேலை பார்த்தேன் என்று பிரமாணப் பத்திரம் மட்டும் கொடுத்தால் போதாது. இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக், பேங்க் ஸ்டேட்மென்டில் சம்பளம் ஏறிய வரிகள், கேட் பாஸ், ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவல்கள், எதையும் விடாமல் எடுத்து வையுங்கள். வருகைப் பதிவேடு நிர்வாகத்திடம் இருந்தால், அதைக் கொண்டுவரச் சொல்லி நடுவரிடம் மனுப் போடலாம். போட வேண்டும். கேட்டும் அவர்கள் கொண்டுவராவிட்டால், அதை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள நடுவருக்கு இடம் உண்டு.

சம்பள உயர்வுக் கேஸ் வேறு மாதிரி

இங்கே குற்றவாளி யாரும் இல்லை. நேற்று நடந்ததைத் தோண்டுவதும் இல்லை, நாளைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நடுவர் அதே தொழிலில், அதே வட்டாரத்தில் மற்ற கம்பெனிகள் என்ன கொடுக்கின்றன என்று பார்ப்பார். ஒரகடத்தில் உள்ள பெரிய கார் தொழிற்சாலையின் சம்பளத்தை கிண்டியில் நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையோடு ஒப்பிட முடியாது. பிறகு கம்பெனியின் சக்தியைப் பார்ப்பார், அதற்கு வரவுசெலவுக் கணக்குகள் வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கு மட்டும் இந்தச் சக்திக் கணக்கு கிடையாது. அதைக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கவே உரிமை இல்லை என்று 1957இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

குறைந்தபட்சம் என்றால் எவ்வளவு? அதே 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டது. ஒரு சம்பாதிப்பவருக்கு மூன்று முழு ஆள் அளவுக்குச் சாப்பாட்டுக் கணக்கு, நாலு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருளுக்கும் விளக்குக்கும் மற்றச் செலவுக்கும் 20 சதவீதம். இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான வரியைச் சேர்த்தது நம் சென்னைத் தகராறு ஒன்று. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனியின் சென்னைத் தொழிற்சாலையில் பஞ்சப்படிக் கணக்கை மாற்றித் தொழிலாளர்களுக்குக் கிடைத்துவந்ததைக் குறைக்க நிர்வாகம் முயன்றது. 1991இல் சுப்ரீம் கோர்ட் தொழிலாளர் பக்கம் நின்றது. கையில் வந்துகொண்டிருக்கும் சம்பள அமைப்பைக் கடும் நிதி நெருக்கடி இல்லாமல் குறைக்க முடியாது என்றது. குழந்தைகள் படிப்பு, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட பொழுதுபோக்கு, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு 25 சதவீதத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. பொங்கலுக்குத் துணி எடுப்பதும் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் குறைந்தபட்ச வாழ்க்கையில் சேர்த்தி என்று உச்ச நீதிமன்றம் எழுதியது இந்த ஊர்த் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில்.

கேட்டதற்குத்தான் பதில்

நடுவர் நினைத்ததையெல்லாம் பேச முடியாது. அவர் முன்னால் எந்த எழுவினா, அதாவது தீர்க்க வேண்டிய கேள்வி, வைக்கப்பட்டதோ அதற்கும், அதோடு ஒட்டியதற்கும் மட்டும்தான் பதில் சொல்லலாம். வேலைநீக்கம் நியாயமா என்று மட்டும் கேட்டுவிட்டு, கடைசி நாளில் போனஸ் பாக்கியையும் சேர்த்துத் தாருங்கள் என்றால் கிடைக்காது. தீர்ப்பில் காரணம் எழுதியிருக்க வேண்டும். மேலே ஹைகோர்ட்டுக்குப் போனால் அங்கே சாட்சியங்களை மறுபடி எடைபோட மாட்டார்கள், சட்டப் பிழையோ கண்ணுக்குத் தெரியும் அநியாயமோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் கீழே பதிவாகாத உண்மை மேலேயும் இல்லாத உண்மைதான்.

காலக்கெடுவும் மாறியிருக்கிறது. பழைய சட்டத்தில் வேலைநீக்கத்தை எதிர்க்க மூன்று வருடம் இருந்தது. புதிய தொகுப்புச் சட்டத்தில், தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அதிகாரி அதைக் கையிலெடுக்க முடியாது. சமரசம் முறிந்த அறிக்கை கைக்கு வந்தால், 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அரசு அனுப்பிவைக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறிக்கை வந்த தேதியைக் கவரின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். கவரையும் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.